குங்குமப்பூ கடைசி வரிசையில்

அந்த ஞாயிற்றுக்கிழமை குளியலறைக்குள் போன கலர்காரர் குளிக்கவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். கடையில் பொடி எழுத்தைப் பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, மனைவியின் முகக் க்ரீம் டப்பாவைத் திருப்பிப் பிடித்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் வெற்றி தாண்டவமாடியது. கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

அவர் வேலை பார்ப்பது பெயிண்ட் கடையில். வெள்ளை பெயிண்ட் வாளியில் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கேட்கிற நிறத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். அதனால்தான் கடையில் எல்லாருக்கும் அவர் கலர்காரர். ஒரு துணியைக் காட்டினால் போதும், அந்த நிறத்தை அப்படியே வாளியில் இறக்கிவிடுவார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் அவர் வீட்டு ஹால் சுவர் என்ன நிறம் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. மனைவி கேட்கும்போதெல்லாம், "நல்ல கலரா அமையட்டும்மா, அடிச்சிடலாம்" என்பார். கலர் அமையவே இல்லை.

மனுஷனுக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு ஆசை. மனைவி வாயால், "நீங்க சொன்னதுதான் சரிங்க" என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். பெரிய பதவி கேட்டாரா, மாளிகை கேட்டாரா? ஆனால் அந்த அம்மாள் பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கிற அதிகாரி. எதையும் மோந்து பார்த்து, கடித்துப் பார்த்து, யோசித்துத்தான் தீர்ப்புச் சொல்வாள். அந்தத் தீர்ப்பு இதுவரை ஒரு நாளும் புருஷன் பக்கம் விழுந்ததில்லை.

இப்போது ஆயுதம் கிடைத்துவிட்டது. முந்தின நாள்தான் பெயிண்ட் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து கடை ஆட்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார். லேபிளில் சேர்மானங்களை எப்படி எழுதுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் ஒரு விஷயம் சொன்னார். சோப்பு, ஷாம்பு, க்ரீம் எதுவானாலும், எது அதிகமோ அது முதலில் வரும். குறையக் குறையக் கீழே இறங்கும். துளியூண்டு இருப்பவை எல்லாம் கடைசியில் கும்பலாக நிற்கும். கலர்காரருக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மனைவி கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கையில் அவளுடைய அழகான சின்ன டப்பா, மறு கையில் குளியலறைக் கீழ்த்தட்டில் கிடக்கும் பெரிய டப்பாவோடு முன்னால் போய் நின்றார். பெரிய டப்பா என்றால், கை வெடித்தாலும் கால் வெடித்தாலும் வீட்டில் எல்லாரும் அள்ளித் தடவுகிற மலிவுச் சரக்கு.

"ஏம்மா, இந்தச் சின்ன டப்பாவில முதல் சேர்மானம் என்ன தெரியுமா?"

"தண்ணி."

கலர்காரருக்குப் பாதிக் காற்று இறங்கிவிட்டது. அந்த அதிர்ச்சியை அவளுக்கென்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்.

"ரெண்டாவது?"

"கிளிசரின். அப்புறம் ஏதோ ஒரு ஆல்கஹால்."

"ஆல்கஹால்! நல்லாக் கேட்டுக்கோ! என் கூட்டாளி கல்யாணத்துல நான் ஒரு டம்ளரை மோந்து பார்த்ததுக்கு என்ன பாடு படுத்தினே? நீ தினம் மூஞ்சி பூரா ஊத்திக்கிறே!"

"அது குடிக்கிறது இல்லைங்க. மெழுகு மாதிரி இருக்கும். பேர்தான் அப்படி. க்ரீம் கெட்டியா, மெதுமெதுன்னு இருக்கிறதுக்குப் போடுறாங்க."

"சரி, இருக்கட்டும். இந்தப் பெரிய டப்பாவைப் பாரு. தண்ணி, கிளிசரின், அதே மெழுகு. வரிக்கு வரி ஒண்ணு! ஒரே வித்தியாசம், உன் டப்பாவில குங்குமப்பூ இருக்கு. எங்கே இருக்கு? கடைசி வரிசையில! வாசனைக்கும் பின்னாடி! பந்தி முடிஞ்சு இலை எடுக்கும்போது வந்து நிக்கிற விருந்தாளி மாதிரி நிக்குது. அதுக்கா இந்த விலை?"

"ஷாம்பு பாட்டிலைப் படிக்கலையா?"

"விடுவேனா? மேல பெருசாப் பழம் படம். உள்ளே பழம் எங்கே இருக்கு? உப்புக்குக் கீழே! தலைக்குப் பழம் தேய்க்கிறோம்னு நினைச்சுக்கிட்டு இத்தனை நாளா உப்புத்தண்ணி தேய்ச்சிருக்கோம்!"

மனைவி ஒரு தலையணை உறையை உதறி, மூலையோடு மூலை சேர்த்து மடித்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"எங்க கம்பெனி பிஸ்கட் எல்லாத்துலயும் மாவு, சர்க்கரை, கொழுப்பு, உப்பு. அட்டையில அதே வரிசைதான். ஆனா ஒண்ணு வாயில கரையுது, ஒண்ணு பல்லை ஆட்டுது. அது எப்படி?"

"பிஸ்கட் வேற, மூஞ்சி வேற."

"அப்ப உங்க பெயிண்டையே எடுத்துக்குவோம். ஒரு வாளி வெள்ளையில நீங்க ரெண்டு சொட்டு விடறீங்க. மொத்தக் கலரும் மாறிடுது. அந்த ரெண்டு சொட்டைச் சேர்மான வரிசையில எங்கே போடுவாங்க?"

கலர்காரர் வாயைத் திறந்தார். 'கடைசியில' என்று நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார். ஆனாலும் பின்வாங்க முடியுமா? குரலை உயர்த்தினார்.

"பந்தயம் வெச்சுக்குவோமா? ஒரு மாசம் டைம் கொடு. ரெண்டு க்ரீமும் ஒண்ணுதான்னு நான் நிரூபிக்கிறேன். நிரூபிச்சா, இனிமே அந்தச் சின்ன டப்பா இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. 'நீங்க சொன்னதுதான் சரிங்க'ன்னு நீ உன் வாயால சொல்லணும்."

"நிரூபிக்கலைன்னா?"

"ஹாலுக்கு நானே பெயிண்ட் அடிக்கிறேன். என் கையால!"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"கலர்?"

"நீ சொல்ற கலர். வாயே திறக்க மாட்டேன்."

"சரிங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அவர் திட்டம் இதுதான். சின்ன டப்பாவில் இருப்பதை வழித்து எடுத்துவிட்டு, அதில் பெரிய டப்பாச் சரக்கை நிரப்பிவிடுவது. மனைவி தெரியாமல் அதையே மாசம் பூராவும் தடவுவாள். கடைசி நாளில், "ஒரு மாசமா நீ தடவினது மலிவுச் சரக்குதான்!" என்று போட்டு உடைப்பது. மகா திட்டம்! நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பியதும் காரியத்தில் இறங்கினார். கடையிலிருந்து கொண்டுவந்த பட்டி பூசுகிற தகட்டால் சின்ன டப்பாவைச் சுரண்டிச் சுத்தமாக வழித்தார். வழித்ததைக் குப்பையில் போட மனசு வருமா? விலை அப்படி. கடையில் வாடிக்கைக்காரருக்குக் கலர் மாதிரி காட்டுகிற குட்டித் தகர டப்பா ஒன்று பையில் கிடந்தது. பழைய துணியால் உள்ளே ஒரு துடை துடைத்தார். "துடைச்சாப் போச்சு" என்று க்ரீமை அதில் அடைத்து மூடினார். அப்புறம் பெரிய டப்பாவிலிருந்து அள்ளிச் சின்ன டப்பாவில் போட்டு, மேலே ஒரு சுழி கூடப் போட்டு வைத்தார்.

நடுவில் சும்மா இருந்தாரா? இரண்டையும் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். சின்ன டப்பாச் சரக்கு பட்டு மாதிரி வழுக்கியது. பெரிய டப்பாச் சரக்கு என்னவோ கொஞ்சம் கரகரப்பு.

"காசுக்கு ஏத்த சரக்குதான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பிறகு சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். வீட்டில் யாரும் இல்லை.

தகர டப்பா கடைக்குப் போனது. அங்கே மேஜை இழுப்பறையில் அதைப் பார்க்கப் பார்க்க, வீணாகிறதே என்ற கவலை வந்தது. முகம் கழுவிவிட்டு ஒரு விரல் எடுத்துத் தடவினார். ஒரு விரல்தானே! மறுநாளும் ஒரு விரல். அதற்கு மறுநாள் இரண்டு.

வாரம் முடிவதற்குள் விஷயம் வெளியே தெரிய ஆரம்பித்தது.

"என்ன சார், மூஞ்சி பளபளங்குது?" என்றார் பில் போடுகிறவர்.

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கன்னம் ரெண்டும் பழம் மாதிரி இருக்கு. வீட்ல எதுவும் விசேஷமா?"

"ச்சே, ச்சே! நல்லா சாப்பிடறேன், நல்லா தூங்கறேன்" என்று பூசி மெழுகினார். ஆனால் உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கே பெயிண்ட் வாங்க வந்த ஒரு பெரியம்மா, "தம்பி, வெளிச்சுவருக்கு எது நல்லது?" என்று கேட்டாள். தம்பி! அவரைத் தம்பி என்று கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது! அந்த அம்மாளுக்கு ஒரு பிரஷ்ஷை இனாமாகக் கொடுத்து அனுப்பினார்.

ஒன்று சொல்ல வேண்டும். நாள் ஆக ஆகத் தகர டப்பாவின் அடிப்பக்கத்து க்ரீம் வெள்ளையாக இல்லை. லேசாகச் செம்மஞ்சள் தட்டியது. ஊரில் உள்ள நிறத்தையெல்லாம் கண்ணாலேயே எடை போடுகிற மனுஷன், இதற்கு என்ன காரணம் கண்டுபிடித்தார் தெரியுமா? "குங்குமப்பூ! அடியில படிஞ்சிருக்கு. இப்பத்தான் மேல வருது!" கடைசி வரிசையில் நின்ற விருந்தாளியை அவரே கைபிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார். வீட்டிலும் தடவிக்கொள்ள வேண்டுமே என்று டப்பாவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். படுக்கப் போகும் முன் ஒரு கோட், காலையில் ஒரு கோட்.

ஒரு நாள் காலையில் மனைவி அவருடைய தலையணை உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பார்க்கறே?"

"இது நல்லா இருக்குல்ல?"

"உறைதானே? வெள்ளை உறையில நல்லது என்ன, கெட்டது என்ன?" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கண்ணாடி முன்னால் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் சந்தோஷம். கவலை எங்கே வந்தது என்றால், தகர டப்பா காலியாகிக்கொண்டிருந்தது. மாசமும் முடிந்துகொண்டிருந்தது. பந்தயத்தில் ஜெயித்தால் சின்ன டப்பா இனி வீட்டுப் படி ஏறாது. சின்ன டப்பா வராவிட்டால் இவர் கன்னத்தின் கதி? மறுபடி எல்லாரும் "பெரியவரே" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தபோது மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏம்மா, உன் க்ரீம் தீர்ந்திருக்குமே. புதுசா ஒண்ணு வாங்கலையா?"

"எதுக்குங்க? வெறும் தண்ணின்னீங்களே."

"தண்ணிதான். இல்லைன்னு சொல்லலை. ஆனா... நல்ல தண்ணி."

"குங்குமப்பூகூடக் கடைசி வரிசையிலன்னீங்க."

"கடைசியில நின்னா என்ன? கெட்டிக்காரப் பசங்க கடைசி பெஞ்சில உட்காருறது இல்லையா?"

"அப்ப வாங்கிடவா?"

"பெரிய சைஸ் இருந்தா பாரு."

மனைவி தலை குனிந்து மோர் ஊற்றினாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. இருமல் என்று நினைத்துக்கொண்டார்.

மாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கடைக்கு ஒரு ஆர்டர் வந்தது. பில் போடுகிறவர் ஒரு துண்டுத் துணியை நீட்டினார்.

"ஒரு அம்மா கொடுத்து விட்டிருக்காங்க. அச்சா இதே கலர் வேணுமாம். ஒரு ஹாலுக்குக் காணுற மாதிரி வாளி போடச் சொன்னாங்க. முழுப்பணமும் கட்டியாச்சு."

கலர்காரர் துணியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளைத் துணியில் ஏறியிருந்த ஒரு செம்மஞ்சள்.

"இதையா? ஹால் பூராவுமா? எந்த வீட்டு அம்மாவுக்குய்யா இப்படி ஒரு ரசனை?"

"கேட்டதைக் கொடுப்போமே சார்."

"கொடுக்கலாம். இந்தக் கலரை நாலு சுவத்துலயும் பார்த்துக்கிட்டு உட்காரப்போற புருஷனை நினைச்சேன். யாரு பெத்த பிள்ளையோ, பாவம்!"

பில் போடுகிறவர் அவசரமாகக் குனிந்து கல்லாவுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். கலர்காரர் சாயம் விட்டார், கலக்கினார், துணியோடு வைத்துப் பார்த்தார். இம்மி பிசகவில்லை. எல்லா வாளி மூடியிலும் கொட்டை எழுத்தில் கலர் நம்பரை எழுதி, கீழே தன் கையெழுத்தையும் போட்டு அனுப்பி வைத்தார். தொழில் சுத்தத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசி நாள் வந்தது. தகர டப்பாவை விரலால் வழித்தால் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தார். ஒரு பக்கம் வாழ்நாள் ஆசை, அந்த ஒரு வாக்கியம். இன்னொரு பக்கம் கன்னம். தெருமுனை தாண்டும்போது ஒரு பெண், "அண்ணே, மணி என்ன?" என்று கேட்டாள். தாத்தா என்று கூப்பிட்டிருக்க வேண்டிய பெண். அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

நடையில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்கே வா. நான் தோத்துட்டேன்."

"என்னங்க சொல்றீங்க?"

"ரெண்டு க்ரீமும் ஒண்ணு இல்லைம்மா. உன் டப்பா வேற, அந்தப் பெரிய டப்பா வேற. நான் நல்லா ஆராய்ஞ்சு பார்த்துட்டேன். நீ தாராளமா வாங்கிக்கோ. மாசாமாசம் வாங்கிக்கோ."

"யோசிச்சுச் சொல்றீங்களா? அப்ப ஹாலுக்குப் பெயிண்ட்?"

"அடிக்கிறேன். வாக்குன்னா வாக்கு."

"கலர்?"

"உன் இஷ்டம். வாயே திறக்க மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேனே."

மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"இல்லைங்க. நீங்க சொன்னதுதான் சரிங்க."

கலர்காரருக்குக் காது அடைத்தது. இத்தனை வருஷம் காத்திருந்த வாக்கியம். அது இப்படித் திண்டாட்டமாக வந்து சேரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"என்னது?"

"ரெண்டும் ஒண்ணுதான். எங்க கம்பெனியில பேரை மறைச்சு வெச்சுத்தான் ருசி பார்ப்போம். பேரைப் பார்த்தா நாக்கு பொய் சொல்லும். அதே மாதிரி ரெண்டு க்ரீமையும் பேரை மறைச்சு என் கையில தடவிப் பார்த்தேன். எனக்கு வித்தியாசமே தெரியலை. அன்னியோட அதை வாங்குறதை விட்டுட்டேன். டப்பா அழகா இருக்கேன்னு, பெரிய டப்பாவிலிருந்து எடுத்து அதுல போட்டு வெச்சுக்கிறேன். ரெண்டு வருஷமாச்சு."

கலர்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பெரிய டப்பாச் சரக்கை வழித்து எடுத்து, அந்த இடத்தில் பெரிய டப்பாச் சரக்கையே நிரப்பியிருக்கிறார். பட்டு மாதிரி வழுக்கியதும் அதுதான். கரகரத்ததும் அதுதான்.

"அப்படின்னா... அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொல்லியிருந்தா என் ஹால் அப்படியேதானே இருந்திருக்கும்?"

"அது கிடக்கட்டும்! என் கன்னம்? ஊரே சொல்லுதே! இந்தக் கலர் எப்படி வந்துச்சு?"

"சட்டைப்பையில வெச்சிருக்கீங்களே, அந்தத் தகர டப்பாவை எடுங்க. உள்ளே ஓரத்துல விரலை விட்டுப் பாருங்க."

எடுத்தார். டப்பாவின் அடிமடிப்பில் நகத்தை விட்டுச் சுரண்டினார். நகத்தில் செம்மஞ்சள் சாயம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஒரு வாடிக்கைக்காரருக்கு அவரே கலக்கிக் காட்டிய மாதிரிச் சாயம். துடைத்தால் போச்சு என்று அவரே துடைத்த டப்பா. ஒரு மாசமாகப் பெயிண்ட் சாயத்தை முகத்தில் பூசிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்திருக்கிறார்! சாயம் வெளுத்துப்போனது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல வந்து படுத்தா பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைக்குது. தலையணை உறை பூரா கலர். பில் போடுறவருக்குப் போன் பண்ணினேன். நீங்க கலர் மாதிரி டப்பாவிலிருந்து எடுத்துத் தடவிக்கிறதை அவர்தான் சொன்னாரு."

தலையணை உறை என்றதும் கலர்காரருக்கு ஏதோ உறைத்தது. வெள்ளைத் துணி. செம்மஞ்சள். துண்டுத் துணி. மெதுவாகத் திரும்பி ஹாலைப் பார்த்தார். அங்கே சுவரோரமாக வரிசையாக வாளிகள் நின்றன. எல்லா மூடியிலும் கொட்டை எழுத்தில் கலர் நம்பர், கீழே அவருடைய கையெழுத்து. யாரு பெத்த பிள்ளையோ என்று அவர் பரிதாபப்பட்ட அந்தப் புருஷனை இப்போது அடையாளம் தெரிந்தது.

"க்ரீம்ல மிச்சமான காசுங்க" என்றாள் மனைவி. "நல்ல கலரா அமையட்டும்னு இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தீங்க. உங்க மூஞ்சியிலேயே அமைஞ்சு போச்சு."

கலர்காரர் வாயைத் திறந்தார். வாயே திறக்க மாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வர, மூடிக்கொண்டார்.

மனைவி புது பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தாள்.

"மூஞ்சிக்குத் தினம் ரெண்டு கோட் அடிச்சீங்களே, சுவத்துக்கும் ரெண்டே போதுங்க."